பாலாறு விழுங்கிய பதினேழு

காலை ஆறு பத்துக்கு
விருதம்பட்டு நிறுத்தத்தில் கம்பெனி வேன்.
ஆம்பூர் போய்ச் சேரும்வரை ஜன்னல் சீட்டு எனக்கு.
தோள்வலிக்காரி என்று விட்டுவிடுவார்கள்.

பதினொரு வருஷமாய் இடது கால் ஷூ மட்டுமே தைக்கிறேன்.
வலது கால், எதிர் வரிசையில் ஷமீம்.
நான் தைத்ததும் அவள் தைத்ததும்
ஏதோ ஒரு பனி ஊரில் ஒன்றாய் நடக்கின்றன.
வலிப்பது என்னவோ எனக்கு வலது தோள்.

தைலம் பார்த்தாச்சு. புத்தூர்க் கட்டு போட்டாச்சு.
ஊசி எட்டு. கழுத்துக்கு ஒரு பட்டை.
கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்
வங்காளம் பேசும் வரிசைக்கு நடுவே நாலு மணி நேரம் நின்று
உள்ளே போனால்
டாக்டரம்மா தோளைத் தொடவே இல்லை.
"தூக்கம் வருதா? அழுகை வருதா?
நல்ல புடவை எடுத்துக் கட்டணும்னு தோணுதா?"
அப்போதுதான் வந்தது அழுகை.

ஒரு நாளைக்கு ஒன்று, காலையில், சாப்பிட்டபின்.
"வலிக்கும் இதுதாம்மா, மனசுக்கும் இதுதான்.
ரெண்டுக்கும் ஒரே ஒயர்.
மூணு வாரம் பொறுக்கணும். நடுவில நிறுத்தக் கூடாது."
நான் கேட்டது தோளுக்கு.

மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு
கடை முழுக்கக் கேட்கக் கேட்டான்:
"பேஷண்ட் கூட வந்திருக்காங்களா?"

முதல் வாரம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ரசத்தின் வாசம் குமட்டியது.
இரண்டாம் வாரம் மிஷினில் கண் செருகி
ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி
நகத்தில் எட்டிப் பார்த்தது.
சூப்பர்வைசர் ரத்தம் பட்ட தோலைத்தான் முதலில் தூக்கினார்.
என் தோள் அப்படியே.

பதினாலாம் நாள், பாலாற்றுப் பாலத்தில்,
ஜன்னல் வழியே கையை நீட்டி
விரலைத் திறந்தேன். அவ்வளவுதான்.
மறுநாளும்.
எதிராஜ் டம்ளரோடு எதிரில் நின்ற நாட்களில்
நாக்கடியில் பதுக்கி வந்து துப்பியதும் உண்டு.
மணல், கருவேலம், லாரித் தடம்,
இது மட்டும் ஓடுகிற ஆறு.
என் மாத்திரையை அதுதான் சாப்பிட்டது.
அதற்கு மனசு தேறியிருக்கலாம்.
எனக்கோ சட்டென்று தலையைத் திருப்பினால்
உள்ளே ஒரு சுரீர்,
ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதுபோல்.

அடுத்த விசிட்டில் காலி அட்டையைக் காட்டினேன்.
முப்பதும் உடைந்த குழி.
"ஒழுங்கா போட்டிருக்கீங்க. ஆனா கேக்கலியே"
என்று டோஸை ஏற்றிவிட்டாள், பாவம்.
சொல்லியிருக்கலாம்.
அடுத்த டோக்கன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கார்த்திகையில் ஆந்திரப் பக்கம் கொட்டிய மழையில்
ஆறு வந்துவிட்டது.
பாலத்தில் வேனை நிறுத்தி
எல்லோரும் இறங்கிப் போனில் பிடித்தார்கள்.
சிவந்த தண்ணீரில் கட்டில் ஒன்று
கால் மேலாக, யாரையோ தேடுவதுபோல் போனது.
ஆழம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு குரல்.
என் குரல்தான்.
பயந்து சீட்டை இறுக்கிப் பிடித்தேன்.

ஷமீமும் இறங்கவில்லை.
டிபன் பையின் சின்ன ஜிப்பைத் திறந்து
அட்டையைக் காட்டினாள். அதே பச்சை.
"ரெண்டு வருஷம். ரமலான்ல சஹருக்குப் போட்டுக்குவேன்,
டாக்டரைக் கேட்டுத்தான்."
"நான் எறியறதைப் பாத்தியா?"
"முதல் நாளே. இதே பாலம்தான்,
எனக்கு இருபத்திரண்டு."

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு
அவளும் கூட வர, டாக்டரம்மாவிடம் சொன்னேன்.
ஆழத்தையும் சொன்னேன்.
திட்டவில்லை. பதினேழு என்று எழுதிக்கொண்டாள்.
பழைய அளவிலிருந்து மறுபடி ஆரம்பம், வாராவாரம் வா என்றாள்.

வலி போய்விடவில்லை.
பக்கத்து வீட்டு டிவி மாதிரி
சுவருக்கு அந்தப்புறம் போயிருக்கிறது.
சில ராத்திரி சத்தம் கூட்டி வைக்கிறார்கள்.

இன்று ஞாயிறு. வேன் இல்லை, பாலம் இல்லை,
எதிராஜ் காய் வாங்கப் போயிருக்கிறார்.
போட்டேனா இல்லையா?
குழிகளை எண்ணுகிறேன், தேதி உதைக்கிறது.
போன் அடிக்கிறது.
"போட்டியா?"
"போட்டேன்."
"நாக்கைக் காட்டு" என்கிறாள்.
போனைப் பார்த்து
நீட்டுகிறேன்.